மீன் எடை பார்க்கும் தராசு: பெங்களூரு தூண்டில்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹலசூர், விவேக் நகர், மர்பி டவுன் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே பைக்கில் தூண்டிலைக் கட்டிக்கொண்டு கிளம்பும் எட்டுப் பத்துப் பேர் நாங்கள். பெரும்பாலும் ஊருக்கு வெளியே காசு கட்டிப் பிடிக்கிற தனியார் குட்டைகளுக்குத்தான் போவோம். பிடித்த மீனை எடை பார்த்து, ஒரு படம் எடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவோம். மீன் போன பிறகு கையில் மிஞ்சுவது ஒரு எண் மட்டும். அந்த எண்ணை வைத்துத்தான் அடுத்த வாரம் முழுக்கச் சண்டை நடக்கும். புதிதாகச் சேருகிறவர்கள் தராசைப் பற்றி ஒரே மாதிரிக் கேள்விகளையே கேட்பதால், எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

எடை பார்த்தே ஆக வேண்டுமா? கண்ணால் பார்த்தாலே தெரியாதா?

தெரியாது. மீனோடு அரை மணி நேரம் மல்லுக்கு நின்றவனுக்குச் சுத்தமாகத் தெரியாது. தண்ணீருக்குள் இருக்கும்போது அஞ்சு கிலோ என்பான், கரையில் போட்டால் மூன்றரை இருக்கும்.

தராசு இருந்தாலும் ஏமாறலாம். நான் முதலில் வாங்கிய தொங்கு தராசில் ஒரு கட்லா 3.4 கிலோ காட்டியது. ஆறு மாதம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள் முத்திரை போட்ட 2 கிலோ இரும்புக் கல்லை அதில் மாட்டிப் பார்த்தால் 2.35 என்று காட்டுகிறது! கணக்குப் போட்டால் என் கட்லா 2.9 கிலோகூட இல்லை. அன்றிலிருந்து, சோதிக்காத தராசில் யார் என்ன எடை சொன்னாலும் நான் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஸ்பிரிங் தராசா, டிஜிட்டலா?

ஸ்பிரிங் தராசு எளிய பொருள். எவ்வளவு இழுக்கிறோமோ அதற்கு ஏற்றபடி வில் நீளும். ராபர்ட் ஹூக் 1678-இல் அச்சிட்டு வைத்த விதிதான். பேட்டரி வேண்டாம், மழையில் நனைந்தாலும் கவலை இல்லை. ஆனால் அந்த வில்லுக்கும் வயதாகும். தாங்கக்கூடியதை விட அதிகமாக ஒருமுறை இழுத்துவிட்டால் பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பாது. சும்மா தொங்கும்போதே முள் சைபரைத் தாண்டி நிற்கும். குழாய் வடிவத் தராசில் உள்ளே துரு ஏறினால் உரசல் வந்துவிடும். அப்போது எடையை ஏற்றும்போது ஒரு அளவும் இறக்கும்போது வேறொரு அளவும் காட்டும்.

டிஜிட்டல் தராசுக்குள் ஓட்டை போட்ட ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கும். அதன்மேல் மெல்லிய உலோக இழை ஒட்டியிருக்கும். எடை மாட்டினால் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், இழையின் மின்தடை மாறும், அந்த மாற்றத்தைச் சர்க்யூட் கிலோவாக மாற்றிக் காட்டும். நல்ல நிலையில் இருந்தால் அதே விலையுள்ள ஸ்பிரிங் தராசை விட நிச்சயம் மேல். அதன் எதிரிகள் மூன்று: தண்ணீர், தீர்ந்துபோகும் பேட்டரி, திடீர் உதறல்.

என் முடிவு இதுதான். அளக்க டிஜிட்டல். பையின் அடியில் ஒரு ஸ்பிரிங் தராசு, டிஜிட்டல் காலை வாரும் நாளுக்காக. வாரும்.

எத்தனை கிலோ வரை காட்டும் தராசு வாங்குவது?

நீங்கள் வழக்கமாகப் பிடிக்கும் மீனின் எடை தராசின் நடுப்பகுதியில் விழ வேண்டும். விரால், ஜிலேபிக் கெண்டைக்கு மட்டும் போகிறவருக்கு 10 கிலோ போதும். குட்டைகளில் ரோகு, கட்லா, ரூப்சந்த் பிடிக்கிறவருக்கு 20 அல்லது 25 கிலோ சரியாக இருக்கும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று 50 கிலோ வாங்குகிறவர்கள் உண்டு. 50 கிலோ ஸ்பிரிங் தராசில் 700 கிராம் ஜிலேபியை மாட்டினால் முள் நகர்ந்ததா இல்லையா என்று கண்ணாடி போட்டுத்தான் தேட வேண்டும்.

பெட்டியில் '5 கிராம்' என்று போட்டிருக்கிறதே, அப்படியென்றால் 5 கிராம் வரை துல்லியம்தானே?

இல்லை. இதில் ஏமாறாதவர் குறைவு. 5 கிராம் என்பது திரையில் எண் எத்தனை கிராமுக்கு ஒருமுறை மாறும் என்பது மட்டும்தான். 3.405, 3.410 என்று அழகாக நகரும், உண்மையான எடை 2.9 ஆக இருக்கும். என் கட்லாவை அளந்த தராசும் அப்படி நுணுக்கமாக எண் காட்டிய தராசுதான்.

மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். எண் எவ்வளவு நுணுக்கமாக மாறுகிறது, காட்டும் எடை உண்மைக்கு எவ்வளவு பக்கம், ஒரே பொருளைப் பத்து முறை மாட்டினால் பத்து முறையும் ஒரே எண் வருகிறதா. கடைக்காரர் முதலாவதைச் சொல்லி விற்பார். நமக்கு மிக முக்கியம் மூன்றாவது. எப்போதும் 60 கிராம் கூடவே காட்டுகிற தராசு நல்ல தராசு, கழித்துக்கொண்டால் போயிற்று. ஒருமுறை 40 கூட, அடுத்த முறை 70 குறைவு என்று ஆடுகிற தராசை எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

முதலில், எடை உறுதியாகத் தெரிந்த பொருள் வேண்டும். முத்திரை போட்ட எடைக்கல் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. தெரிந்த காய்கறிக் கடையில் 1, 2, 5 கிலோ கல்லைக் கால் மணி நேரம் கடன் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். கல் இல்லையென்றால் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நம் ஊர் வெப்பத்தில் 3 கிராம் போலக் குறையும், அதை விட்டுவிடலாம். பாட்டில், வாளியின் எடையைச் சேர்க்க மறக்க வேண்டாம். சிலர் நந்தினி பால் பாக்கெட்டை மாட்டிப் பார்த்துவிட்டு 'தராசு 15 கிராம் கூடக் காட்டுகிறது' என்று புலம்புவார்கள். பால் தண்ணீரை விடக் கொஞ்சம் கனம். அரை லிட்டர் பால் 515 கிராம் பக்கம் வரும், அதோடு உறையின் எடை வேறு. தராசு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

இன்னொரு வழி, ஒரு பை அரிசியை மளிகைக் கடையின் மின்னணுத் தராசில் நிறுத்து, அந்த எண்ணைப் பையின் மேலேயே எழுதிக்கொண்டு வருவது. கடைத் தராசுக்குச் சட்ட அளவீட்டுத் துறை வருடம் ஒருமுறை சோதித்து முத்திரை போட வேண்டும் என்பது விதி. முத்திரை எந்த வருடத்தது என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தராசைக் கதவு நிலையிலோ துணி காயப்போடும் கம்பியிலோ அசையாமல் தொங்கவிடுங்கள். கையில் பிடித்துச் சோதிக்காதீர்கள். 1, 2, 5, 10 கிலோ என்று ஏற்றிக்கொண்டே போங்கள், பிறகு அதே படிகளில் இறக்கிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து நோட்டில் எழுதுங்கள். அந்தத் தாளைப் பார்த்தாலே தராசின் குணம் தெரிந்துவிடும்:

2 கிலோவுக்கு 2.04, 5-க்கு 5.10, 10-க்கு 10.20 என்று வந்தால், எல்லா இடத்திலும் நூற்றுக்கு இரண்டு கூடக் காட்டுகிறது. வந்த எண்ணை 1.02-ஆல் வகுத்தால் உண்மை எடை.

எல்லாவற்றிலும் ஒரே 60 கிராம் கூட வந்தால் சைபர் நகர்ந்திருக்கிறது. கழித்துவிடுங்கள்.

ஏற்றும்போது 5.00, இறக்கும்போது 5.12 என்றால் உள்ளே உரசல் அல்லது தேய்மானம்.

ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று வந்தால், பழைய பேப்பர்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று விசாரியுங்கள்.

கண்டுபிடித்த திருத்தத்தை ஒரு பிளாஸ்திரித் துண்டில் எழுதித் தராசின் முதுகில் ஒட்டிவிடுங்கள். எங்களில் எல்லோர் தராசுக்கும் முதுகில் ஒரு ஒட்டு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சோதிப்போம். கீழே விழுந்தால் அன்றைக்கே.

சூட்கேஸ் எடை பார்க்கும் லக்கேஜ் தராசு போதாதா?

சில நூறு ரூபாயில் கிடைக்கிறது, எஸ்.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினால் வகை வகையாகப் பார்க்கலாம். பெங்களூருவில் பாதிப் பேர் இதில்தான் தொடங்குகிறார்கள். மேலே சொன்ன சோதனையில் தேறினால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, பெரும்பாலானவை நனைந்தால் செத்துவிடும். ஈரக் கையும் இரைக்குப் பிசைந்த ராகி மாவு ஒட்டிய விரலும் பட்டன் இடுக்கில் போனால் கதை முடிந்தது. இன்னொன்று, எடை நிலையாக நின்றதும் எண்ணைப் பூட்டி வைக்கும் வசதி. சூட்கேஸ் துள்ளாது, அதனால் அங்கே அது நன்றாக வேலை செய்யும். மீன் துள்ளும். துள்ளுகிற வேகத்தில் ஏதோ ஒரு நொடியை நிலையானது என்று நினைத்துப் பூட்டிவிடும். அதனால் ஒருமுறை பூட்டியதை நம்பாமல் இரண்டு முறை பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் எழுதிக்கொள்ளுங்கள்.

என் தராசு திடீரென்று இரண்டு மடங்கு காட்டுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

அலகுப் பட்டனைப் பாருங்கள். சீனாவிலிருந்து வரும் பல தராசுகளில் கிலோ, பவுண்டு, அவுன்சோடு 'ஜின்' என்று ஓர் அலகும் இருக்கும். அது சீனச் சந்தை அளவு, ஒரு ஜின் அரைக் கிலோ. எங்களில் ஒருவர் 2.3 கிலோ ரோகுவை 4.6 என்று சொல்லி எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்த பிறகுதான் நாங்கள் திரையின் ஓரத்தைக் காட்டினோம். பவுண்டிலும் இதே கூத்து நடக்கும், 2.2 மடங்காக.

உதட்டைக் கவ்விப் பிடிக்கும் கிரிப்பிலேயே தராசு இருக்கிறதே, அது எப்படி?

லிப் கிரிப்பில் தரமானவை நல்ல தராசுதான். ஆனால் மீனின் முழு எடையும் ஒரே ஒரு உதட்டில் தொங்குகிறது என்பதை மறக்கக் கூடாது. பல் உள்ள விராலைப் பிடித்துத் தூண்டில் முள்ளைக் கழற்ற அது அருமையான கருவி. மெத்தென்ற வாயுள்ள ரோகுவையும் கட்லாவையும் அதில் தொங்கவிட்டால் வாய் கிழியும். திரும்பத் தண்ணீரில் விடுகிற மீனை அப்படித் தொங்கவிடுவதை எங்கள் கூட்டத்தில் ஒத்துக்கொள்வதில்லை. செவுளில் கொக்கியை மாட்டித் தூக்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அப்படித் தூக்குவதாக இருந்தால் நேராகக் குழம்புச் சட்டிக்குப் போகிற மீனாக இருக்க வேண்டும்.

பிறகு எதில் வைத்துத் தூக்குவது?

இரண்டு பக்கமும் கம்போ வளையமோ வைத்த வலைத்துணிப் பை. மீன் அதில் படுத்தபடி தொங்கும். ஸ்லிங் என்று விற்கிறார்கள், நாங்கள் தொட்டில் என்போம். தையற்காரரிடம் நைலான் வலையைக் கொடுத்துத் தைத்துக்கொண்டவர்களும் உண்டு.

தொட்டிலை நன்றாக நனைத்து, உதறி, காலியாகத் தராசில் மாட்டி, அப்போது சைபர் ஆக்குங்கள். உலர்ந்த துணியில் சைபர் வைத்துவிட்டு ஈரத் துணியில் மீனைத் தூக்கினால், துணி குடித்த தண்ணீரும் மீன் கணக்கில் சேர்ந்துவிடும். என் தொட்டில் உலர்ந்தால் 310 கிராம், நனைந்தால் 480. பல 'சாதனை' மீன்களின் கடைசி 170 கிராம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். நனைப்பதற்கு வேறு காரணமும் உண்டு. உலர்ந்த துணி மீனின் மேலிருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும். அது போனால் மீனுக்கு எளிதில் நோய் தொற்றும்.

5 கிலோவுக்கு மேல் உள்ள மீனை ஒருவரே ஒரு கையில் தராசைத் தூக்கிப் பிடித்துப் படிக்க முடியாது. கை நடுங்கும், எண்ணும் நடுங்கும். ஒரு கம்பின் நடுவில் தராசைக் கட்டி, இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடியுங்கள். மூன்றாவது ஆள் படிக்கட்டும். மீன் வெளியே இருப்பது சில நொடிகள்தான் இருக்க வேண்டும், ஆகவே சைபர் வைப்பது, கேமராவைத் திறப்பது எல்லாம் மீன் வலையோடு தண்ணீரில் இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். குட்டைக் காவலாளி 'எஷ்டு கேஜி?' என்று கேட்டுக்கொண்டே ஓடி வருவார். அவருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

லண்டனிலிருந்து அண்ணன் வாங்கி வந்த தராசு இங்கே குறைவாகக் காட்டுமா?

கேலியாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. காட்டும்! ஸ்பிரிங்கும் சரி, டிஜிட்டலும் சரி, அளப்பது பூமி இழுக்கும் விசையை. அந்த இழுப்பு எல்லா ஊரிலும் ஒன்றில்லை. புவியீர்ப்பு முடுக்கம் லண்டனில் 9.81 மீ/வி², பெங்களூருவில் 9.78. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், அதற்கு மேல் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயரத்திலும் உட்கார்ந்திருக்கிறோம். அங்கே சரிபார்த்த தராசு இங்கே 10 கிலோ மீனுக்கு 30 கிராம் போலக் குறைத்துச் சொல்லும். பந்தயத்தில் தோற்றவர் இந்தக் காரணத்தை ஒருமுறை சொல்லலாம். இங்கேயே எடைக்கல் மாட்டிச் சோதித்துவிட்டால் இந்தப் பிழையும் அந்தத் திருத்தத்துக்குள் அடங்கிவிடும்.

உலக சாதனை என்று பதிவு செய்ய என் தராசு போதுமா?

உலக சாதனைகளைப் பதிவு செய்வது 1939-இல் தொடங்கிய ஐ.ஜி.எஃப்.ஏ. என்ற சர்வதேச அமைப்பு. அவர்கள் விதிப்படி, தராசு 12 மாதத்துக்குள் அங்கீகாரம் பெற்ற இடத்தில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். படகில் வைத்து மட்டும் பார்த்த எடை செல்லாது, தரையில் பார்க்க வேண்டும். தொட்டிலின் எடையைக் கழிக்க வேண்டும். குத்துமதிப்பு எடையை ஏற்க மாட்டார்கள். தராசை அவர்களிடமே அனுப்பிச் சான்று வாங்கவும் வழி இருக்கிறது.

சொந்தத் தராசுக்கு அரசாங்க முத்திரை வேண்டுமா?

வாங்கி விற்கிறவர்களுக்குத்தான் அந்தச் சட்டம். பொழுதுபோக்காக எடை பார்க்கிறவருக்குத் தேவையில்லை.

காவிரியின் பெரிய கெண்டை இனமான மசீருக்கு எந்தத் தராசு எடுத்துப் போவது?

கர்நாடகக் காவிரியில் பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமக்களி முகாம்கள் ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் தூண்டில்காரர்களும் தேடி வந்த இடங்கள். ராகி உருண்டைதான் இரை. அவை காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருவதால் அங்கே தூண்டில் போடுவது நிறுத்தப்பட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. அந்தத் திமில் முதுகு மசீருக்கு டோர் ரெமாதேவியி என்ற அறிவியல் பெயர்தான் பொருந்தும் என்று 2018-இல்தான் உறுதியானது. அதே வருடம் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. ஆக, இந்தக் கேள்விக்குப் பதில்: தராசை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: 1946 மார்ச் 22-இல் கபினியில், மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்துவந்த வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் பிடித்த மசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோவுக்கு மேல். நம் லக்கேஜ் தராசில் மாட்டியிருந்தால் 'எரர்' என்றுதான் வந்திருக்கும்.

தராசை மறந்துவிட்டேன். வேறு வழி?

தையல் டேப் இருந்தால் போதும். மூக்கிலிருந்து வால் வரை நீளம், உடம்பின் பருத்த இடத்தில் சுற்றளவு, இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 29,000-ஆல் வகுத்தால் கிலோ. 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. சுற்றளவு என்றால் 3.3 கிலோ வரும். எல்லா மீனும் ஒரே வடிவம் என்று நினைத்துப் போடும் கணக்கு இது. தலை பெருத்த கட்லாவுக்கும் ஒடிசலான விராலுக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது. தராசு இருக்கிற நாளில் இரண்டையும் எடுத்துப் பார்த்து, ஒவ்வொரு மீனுக்கும் உங்கள் சொந்த வகு எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். நான் கட்லாவுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பராமரிப்பு?

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் கொக்கியைத் துடைத்துக் காயவையுங்கள். ஷூ பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் தராசுப் பைக்குள் வையுங்கள். மாதக் கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மதிய வெயிலில் பைக் டேங்க் மேல் வைக்காதீர்கள். சூடேறிய தராசில் சைபர் நகர்ந்திருக்கும். முக்கியமாக, நண்பர்கள் கொக்கியை இழுத்து 'யாருக்குப் பலம் அதிகம்' என்று போட்டி போடத் தராசைக் கொடுக்காதீர்கள். ஒரு நல்ல தராசு எங்களிடம் அப்படித்தான் போனது.

தாத்தாவின் பழைய பித்தளை ஸ்பிரிங் தராசு இருக்கிறது. பயன்படுமா?

என்னிடமும் ஒன்று உண்டு, கோலார் தங்கவயலில் வேலை பார்த்த தாத்தாவுடையது. சோதித்துப் பார்த்தேன். 10 பவுண்டு வரை கிட்டத்தட்டச் சரியாகவே காட்டுகிறது, அதற்கு மேல் போனால் வில் களைத்துவிடுகிறது. பையின் அடியில் இருக்கும் அந்த இரண்டாவது தராசு இதுதான். பவுண்டில் இருப்பதால் 2.2-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.